அடைப்பு இல்லாத நெஞ்சில் வந்த வலி

என்னை இன்னும் உயிரோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளுக்கு என் அன்பின் வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு வெட்கம் தருகிற விஷயங்களும் இதில் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் இது சாட்சி ஆகாது.

என் பெயர் ஐசக். வயது நாற்பத்தேழு. கிணத்துக்கடவில் குடியிருக்கிறோம். மனைவி எஸ்தர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பவுண்டரியில் பதினாறு வருடம் கிரேன் ஓட்டினேன். பம்பு, மோட்டார் பாகங்களை இரும்பில் வார்க்கிற இடம் அது. உலையில் உருகிய இரும்பை ஒரு பெரிய இரும்பு வாளியில் ஊற்றுவார்கள். லேடில் என்போம். அதைக் கிரேனில் தூக்கிக்கொண்டுபோய் மண் அச்சுகளுக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். லேடில் போகிற வழியில் ஆள் நிற்கக் கூடாது என்பது விதி. ஆனால் அதைச் சாய்த்து அச்சில் ஊற்றுகிற ஆட்கள் பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அவர்கள் உயிர் என் கையில் இருக்கும் இரண்டு கைப்பிடிகளில் இருந்தது. அந்த நினைப்பில்லாமல் ஒருநாளும் நான் மேலே இருக்கும் கிரேன் கூண்டுக்கு ஏணியில் ஏறியதில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே காற்று தென்னை மட்டைகளை முறித்துப் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடவில்லை, எதையும் சுமக்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. திடீரென்று நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. தாடை இறுகியது. இடது கை மரத்தது. சட்டை நனைந்துவிட்டது.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்றாள் எஸ்தர்.

"கேஸா இருக்கும். சீரகத் தண்ணி வெச்சுக் குடு" என்றேன்.

கால் மணி நேரத்தில் அது தானாக விலகிவிட்டது. சீரகத் தண்ணிதான் சரி செய்தது என்று நம்பினேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்தது. அடுத்த வாரம் இரண்டு தடவை. வேலை செய்யும்போது வரவில்லை. உட்கார்ந்திருக்கும்போது, படுத்திருக்கும்போது, ஒருமுறை சபையில் ஜெபத்தில் தலை குனிந்திருக்கும்போது வந்தது. நான் சும்மா இருக்கும் நேரம் பார்த்து அது வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வெடுத்தால் விட்டுவிடும் வலி என்றால் ஓய்வெடுக்கலாம். ஓய்விலேயே வருகிற வலிக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் நான் தொட்ட சிகரெட்டை விடவே இல்லை. சபையில் யாருக்கும் தெரியாது. எஸ்தருக்குத் தெரிந்திருக்கும், கேட்டதில்லை. பவுண்டரிக்குப் பின்னால் மணல் கொட்டியிருக்கும் இடத்தில் நின்று பிடிப்பேன். வலி தொடங்கிய பிறகு, பயத்தை மறக்க இன்னும் இரண்டு அதிகமாகப் பிடித்தேன்.

ஆவணி மாதம் ஒரு நாள், பவுண்டரியில் டீ குடிக்க உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். வலி அடங்கவில்லை, அதன் போக்கில்தான் போனது. மறுநாள் காலையில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். எஸ்தர் வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமா இருக்குது. ஒரு அடைப்புகூட இல்ல. நாக்குக்கு அடியில வெச்ச மாத்திரைக்கும் அடங்கல பாருங்க, இருதய வலியா இருந்தா அடங்கியிருக்கும். வயித்துக்கு ஒண்ணு, பதட்டத்துக்கு ஒண்ணு எழுதித் தர்றேன். தைரியமா வேலைக்குப் போங்க."

எஸ்தர் அவர் காலைத் தொட்டுவிடுவாள்போல நின்றாள். நானும் அழுதுவிட்டேன். வேலைக்குத் தகுதிச் சான்றிதழும், ஆஞ்சியோகிராம் படம் பதிந்த ஒரு சி.டி.யும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் சபையில் எழுந்து நின்றேன். ஆண்டவர் என் ரத்தக்குழாய்களைச் சுத்தமாக்கிவிட்டார், இனி எனக்கு வலி இல்லை என்று சாட்சி சொன்னேன். சபையே கை தட்டித் துதித்தது. போதகர் என் தலையில் கை வைத்தார். அன்று மதியம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு.

புதன்கிழமை வலி திரும்பி வந்தது.

கிரேன் கூண்டில் உட்கார்ந்து, உலையில் இரும்பு தயாராவதற்காகக் காத்திருந்தேன். அதே முழங்கால், அதே இடம். கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. இருபது நிமிடம் கைப்பிடியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விலகியதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு உயிரைப் பற்றியதல்ல. ஞாயிற்றுக்கிழமை சபையில் என்ன சொல்வேன் என்பதுதான்.

நான் சொல்லவில்லை. போதகரிடம் சொல்லவில்லை, எஸ்தரிடம் சொல்லவில்லை, சூப்பர்வைசரிடமும் சொல்லவில்லை. டாக்டரே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆண்டவர் சுகமாக்கினார் என்று நானே நின்று சொல்லியிருக்கிறேன். வலிக்கிறது என்று சொன்னால் ஒன்று டாக்டர் பொய், அல்லது ஆண்டவர் பொய், அல்லது நான் பொய். மூன்றில் மூன்றாவதைத்தான் எல்லோரும் நம்புவார்கள் என்று நினைத்தேன். ஏற்கெனவே பவுண்டரியில் ஒருத்தன் பின்னால் நின்று, "ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு வாரம் லீவு போட்டுப்போட்டு வந்திருக்கறான் பாரு" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது.

ஆறு வாரம் இப்படிப் போனது. கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினேன். வலி வாரத்துக்கு நாலு தடவை வந்தது. என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. நான் சொன்ன சாட்சி குறுக்கே வந்து நிற்கும். இது தண்டனையோ என்று தோன்றும். அந்த நாட்களில் சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க விசுவாசம் எங்களுக்கு இல்லீங்களே தம்பி, எங்க பொண்ணுக்காக நீங்க ஜெபிங்க" என்றார். சரிங்க என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் கையை விட்டுவிட்டார்.

வலி வந்தால் கண் இருட்டும் என்பது ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது. அப்போதும் நான் ஏணியில் ஏறினேன்.

ஐப்பசி மாதம். செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட். மழை பெய்து கூரைத் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே லேடிலைச் சாய்க்கும் சக்கரத்தில் ரங்கசாமியண்ணன் நின்றார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் சேர்ந்த நாள் முதல் அவர் கைச் சைகையைப் பார்த்துத்தான் லேடிலை இறக்குவேன். அவரோடு இன்னும் மூன்று பேர். லேடில் நிறைந்தது. தூக்கினேன். அச்சு வரிசைக்கு மேலே கொண்டுபோனேன். வெள்ளை மஞ்சளாய் இரும்புக் குழம்பு தளும்பியது. அதன் வெளிச்சம் கூண்டுக்குள் வந்து என் கைகளில் விழுந்தது.

அப்போது வந்தது.

இதற்கு முன்பு வந்ததெல்லாம் விளையாட்டு என்று தோன்றியது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இடது கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அது என் கை என்றே அடையாளம் தெரியவில்லை. கண்ணின் ஓரங்கள் கறுத்தன. கையை எடுத்துவிட்டால் கிரேன் நின்றுவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஆனால் என் உடம்பு முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. நான் கைப்பிடியின் மேல் விழுந்தால் லேடில் அந்த நாலு பேரை நோக்கி ஓடும். கீழே ரங்கசாமியண்ணன் கையை அசைத்து இன்னும் வா, இன்னும் வா என்று சைகை காட்டுகிறார்.

ஆறு வாரம் வராத ஜெபம் அப்போது வந்தது. சத்தம் போட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா தெரியாது. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கோங்க. அவுங்கள விட்டுருங்க." அவ்வளவுதான். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. நேரமில்லை.

என் வலது கை மேலே போனதை நான் பார்த்தேன். நான் போகச் சொல்லவில்லை. ஆபத்துக்கென்று வைத்திருக்கும் சிவப்புப் பொத்தானில் உள்ளங்கை மோதியது. மொத்த மின்சாரமும் அறுந்து, பிரேக் விழுந்த அதிர்ச்சியில் லேடில் ஒருமுறை ஆடியது. விளிம்பில் கொஞ்சம் சிதறித் தரையில் விழுந்து பொரிந்தது. ஆட்கள் நாலு பக்கமும் சிதறி ஓடினார்கள். நான் பக்கவாட்டில், கூண்டின் கம்பியின் மேல் சரிந்து கிடந்தேன். லேடில் அப்படியே அந்தரத்தில் தொங்கியது.

ஏணியில் யாரோ ஏறும் சத்தம். ரங்கசாமியண்ணன். ஐம்பத்தைந்து வயதில் அந்த ஏணியில் ஓடி வந்தார்.

"ஐசக்கு, என்னாச்சு கண்ணு? கண்ணத் தொற, என்னையப் பாரு."

"நெஞ்சுங்கண்ணா."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்கன்னு சொன்னயே?"

"அப்பறமும் வருதுங்கண்ணா. ஆறு வாரமா வருது."

அவர் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. கீழே தொங்கிக்கொண்டிருந்த லேடிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறு வாரமா இத வெச்சுக்கிட்டு எங்க தலைக்கு மேல இரும்பக் கொண்டுவந்தயா?"

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வலி விலகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு வேறொரு ஆபரேட்டர் வந்து லேடிலை இறக்கினார். என்னைக் கயிறு கட்டி மெதுவாக இறக்கினார்கள்.

மறுபடியும் ஆஸ்பத்திரி. போய்ச் சேர்ந்தபோது வலி விலகிவிட்டிருந்தது. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. பணியில் இருந்த டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டார். மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பைத்தியமாகத்தான் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் மனசே வலியை உண்டாக்கி, என் மனசே நாலு பேரைக் கொல்லப் பார்த்ததா? வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் எஸ்தரிடம் கொட்டினேன். ஆறு வாரம், சிகரெட், கூண்டு, ரங்கசாமியண்ணன் கேட்ட கேள்வி, எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். "நீங்க பொய் சொல்ற ஆளுதான். ஆனா வலியில பொய் சொல்ல மாட்டீங்க. அந்த மூஞ்சிய நான் பாத்திருக்கறனுங்க. உள்ள என்னமோ இருக்குது. அவுங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து மூன்று நாள் அவள் உபவாசம் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் தண்ணீர் மட்டும் குடித்தாள். அவள் ஜெபம் ஒரே ஒரு வரிதான். பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "ஆண்டவரே, எங்களுக்குத் தெரியாதத யாராச்சும் ஒருத்தர் கண்ணுக்குக் காட்டிக் குடுங்க." சுகமாக்குங்கள் என்று அவள் கேட்கவில்லை. காட்டுங்கள் என்றுதான் கேட்டாள். அந்த மூன்று நாளும் எனக்கு வலி வந்தது. மூன்றாம் நாள் இரண்டு தடவை வந்தது. ஜெபிக்க ஜெபிக்க அதிகமாகிறதே என்று பயந்தேன்.

நாலாம் நாள் காலையில் வாசலில் சத்தம். ரங்கசாமியண்ணன் நின்றார். அவர் எங்கள் சபை ஆள் அல்ல. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தலை நிமிரவில்லை.

"அம்மணி, அந்த ஆஸ்பத்திரியில ஒரு சி.டி. குடுத்திருப்பாங்களே, அது இருக்குதா?" என்று எஸ்தரிடம் கேட்டார்.

"இருக்குதுங்கண்ணா. எதுக்குங்க?"

"எங்கக்கா பொண்ணு வேற ஒரு ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ பண்ற ரூம்புல டெக்னீசியனா இருக்குது. நேத்து ஊட்டுக்கு வந்துச்சு. இவன் கதையச் சொன்னேன். சும்மா இருக்கறப்ப வருதா, மாத்திரைக்கு அடங்கலையா, பீடி சிகரெட்டு பிடிப்பாரான்னு கேட்டுச்சு. பிடிப்பான்னு சொல்லிப்போட்டேன்." என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயாக்கும். அவுங்க டாக்டரம்மா அறிக்கைய நம்ப மாட்டாங்களாம், படத்தப் போட்டுத் தானே பாப்பாங்களாம். கெளம்பு."

என்னால் செத்திருக்க வேண்டியவர். அவரே வந்து என்னைக் கிளப்பினார். எஸ்தர் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் விம்முவது கேட்டது.

அந்த டாக்டரம்மா சிரிக்காதவர், அதிகம் பேசாதவர். கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டார். என் இருதயம் திரையில் துடித்தது. இலையில்லாத மரக்கிளைபோல ரத்தக்குழாய்கள். கறுப்பு மை மாதிரி ஏதோ அதற்குள் நுழைந்தது. ஒருமுறை பார்த்தார். நிறுத்தி, முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார். மூன்றாவது தடவை ஓட்டும்போது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐசக், இங்க வாங்க. இந்தக் கறுப்பு மருந்து கிளையோட நுனிக்குப் போறவரைக்கும் எத்தனை துடிப்புன்னு நீங்களே எண்ணுங்க. சாதாரணமா ரெண்டு மூணு துடிப்புக்குள்ள போயிரணும்."

எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கறுப்பு பாதி வழியில் ஊர்ந்துகொண்டிருந்தது. நாலு. ஐந்து. என் பக்கத்தில் எஸ்தரும் முணுமுணுவென்று எண்ணினாள். ஆறாவது துடிப்பில்தான் நுனி கறுத்தது.

"அவங்க சொன்னது பொய்யில்ல. அடைப்பு இல்ல. ஆனா ரத்தம் ஓடல, ஊருது. பெரிய குழாய் சுத்தமா இருக்குது. அதுக்கப்புறம் முடி மாதிரி இருக்கற சின்னக் குழாய்ங்க இறுகிக்குது. அது ஆஞ்சியோல கண்ணுக்குத் தெரியாது. இந்த மெதுவான ஓட்டத்த வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். சிகரெட் பிடிக்கற ஆம்பளைங்களுக்கு இது அதிகம் வரும். உங்க வலி நிஜம்."

உங்கள் வலி நிஜம். அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டு நான் டாக்டர் மேசையில் தலையை வைத்து அழுதேன். நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அவர் எனக்குப் பொய்யான தைரியம் கொடுக்கவில்லை. "சாதாரணமா விட்டுறக்கூடியது இல்ல இது. சில பேருக்குத் திரும்பத் திரும்ப வரும். ஸ்டென்ட் வைக்கறதுக்கு இடமில்ல, ஆபரேஷனும் இல்ல. மாத்திரைதான். அதுலயும் எல்லாருக்கும் ஒரே மாத்திரை கேக்காது. ஒவ்வொண்ணா குடுத்துப் பாத்துத்தான் மாத்தணும். முதல் மருந்து சிகரெட்ட விடறது. அத நான் எழுதித் தர முடியாது. கிரேன்ல ஏறவே கூடாது" என்றார்.

முதலில் கொழுப்புக்குக் கொடுப்பார்களே, அந்த ஸ்டேடின் மாத்திரையும், நிக்கோரண்டில் என்று அட்டையில் எழுதியிருந்த ஒன்றும் கொடுத்தார். ஸ்டேடின் குழாயின் உள்சுவரைச் சரிப்படுத்தும் என்றும், மற்றது இறுக்கத்தைத் தளர்த்தும் என்றும் விளக்கினார். இந்தப் பெயர்களைப் பார்த்து நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். எனக்குப் பொருந்தியது உங்களுக்கு ஆகாமல் போகலாம். எனக்கே அது லேசில் பொருந்தவில்லை. நிக்கோரண்டில் போட்ட முதல் வாரம் தலைக்குள் சம்மட்டி அடித்தது. சிகரெட் இல்லாமல் கை நடுங்கியது, எஸ்தர் மேல் எரிந்து விழுந்தேன். வலி வருவது வாரத்துக்கு நாலு தடவையிலிருந்து மூன்றானது. அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் எஸ்தர் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். வலி வந்தது. தரையில் படுத்தேன். கால் மணி நேரம் ஆனது, விடவில்லை. அரை மணி ஆனது. போன் கட்டில்மேல் இருந்தது. கட்டில் நாலடி தூரம். என்னால் போக முடியவில்லை. நோய் என்னவென்று தெரிந்து, மருந்தும் தெரிந்து, அதற்குப் பிறகு இப்படித் தனியாகச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். சுவரில் ஒரு எறும்பு வரிசை போனது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "ஆண்டவரே, காட்டிக் குடுத்தது நீங்கதானே. காட்டிக் குடுத்துப்போட்டு விட்டுருவீங்களா?" அது ஜெபமா, கேள்வியா என்று எனக்கு இன்றும் தெரியாது. பதிலாகக் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. வலி அப்படியே இருந்தது, பயம் மட்டும் போனது. மெதுவாக முழங்கையை ஊன்றி ஊர்ந்தேன். போனை எடுத்தேன்.

ரங்கசாமியண்ணன்தான் வண்டி பிடித்து வந்தார். இந்தத் தடவை வலி இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். ஈ.சி.ஜி.யில் கோடு மாறியிருந்தது. முதல் தடவையாக ஒரு காகிதம் என் பக்கம் சாட்சி சொன்னது. டாக்டரம்மா என்னை நாலு நாள் படுக்க வைத்தார். நிக்கோரண்டிலைக் குறைத்து, டில்டியாசெம் என்ற மாத்திரையைச் சேர்த்தார். சின்னக் குழாய்களின் இறுக்கத்துக்கு அது வேறு வழியில் வேலை செய்யும் என்றார். இதற்கும் கேட்கவில்லை என்றால் என்று எஸ்தர் கேட்டாள். "அடுத்தது பார்க்கலாம். இருக்குது" என்றார். அந்த "இருக்குது" எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரம் வலி ஒரு தடவைதான் வந்தது. அதுவும் ஐந்து நிமிடம். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். மார்கழியில் ஒரு நாள் காலை நாற்காலியில் சும்மா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எதற்காகவும் காத்திருக்காமல் அப்படிச் சும்மா உட்கார்ந்து வெகுநாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

தை மாதம் போதகரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சபையில் நான் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன் என்றேன். அவர், "அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யில்லீங்க, அவசரம். வலி திரும்பி வந்ததுக்கு வெக்கப்பட வேண்டாம். மறைச்சதுக்கு மட்டும் மனம் வருந்துங்க. அத எந்த எடத்துல சொன்னீங்களோ, அதே எடத்துல வந்து இதையும் சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தேன். சிகரெட்டைச் சொன்னேன். ஆறு வாரத்தைச் சொன்னேன். எனக்கு நோய் போய்விடவில்லை, மாத்திரையில் அடங்கியிருக்கிறது, நாளைக்கே திரும்பவும் வரலாம் என்றும் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. கடைசிப் பெஞ்சில் ரங்கசாமியண்ணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக்கொண்டதால் வந்திருந்தார். நாலு பேர் உயிரோடு விளையாடியதற்கு அவரிடம் எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா எங்களிடம் வந்தார். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டிருக்கிறார். தென்னந்தோப்பில் காய் பொறுக்குகிற வேலை. "எனக்கும் நடந்தா நெஞ்ச அடைக்குதுங்க. மூணு மாசமாச்சு. விசுவாசம் இல்லைன்னு நெனைப்பாங்களோன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க" என்றார். எஸ்தர் அடுத்த நாளே அவரை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு இருந்ததுபோல் அவருக்கு இல்லை. அவருக்கு இருந்தது பெரிய குழாயிலேயே அடைப்பு, முக்கால்வாசி மூடியிருந்தது. அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

நான் இப்போது அதே பவுண்டரியில் மணல் பரிசோதிக்கும் அறையில் வேலை செய்கிறேன். தரையில் நின்று செய்கிற வேலை. சம்பளம் குறைவு, நிம்மதி அதிகம். சிகரெட் தொட்டு பல மாதமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் ஜெபம், பிறகு மாத்திரை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லித்தான் விழுங்குகிறேன். இந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை வலி எட்டிப் பார்த்தது. இரண்டு தடவையும் உடனே எஸ்தரிடம் சொன்னேன், டாக்டரிடம் போனேன். எட்டிப் பார்க்கிறதை நான் மறைப்பதில்லை.

அன்பானவர்களே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஒரு கை சிவப்புப் பொத்தானைத் தொட்டதில் கேட்டார். என் மேல் கோபப்பட உரிமையுள்ள ஒருவர் என் வாசலில் வந்து நின்றதில் கேட்டார். ஒரு டாக்டர் படத்தை மூன்றாவது தடவை ஓட்டிப் பார்த்ததில் கேட்டார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கேட்கவில்லை. அதனால்தான் அது அவர் செய்தது என்று நம்புகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது உள்ளே ஒரு வலி இருந்து, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். எழுந்து போய் டாக்டரிடமும் சொல்லுங்கள். முதல் ஆள் நம்பவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதற்கு முன்பே உங்களை நம்புகிற ஒருவர் இருக்கிறார். அவரை நம்பிப் பேசத் தொடங்குங்கள்.